டாப்பட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தும் எஞ்சினில் 'டிக் டிக்' சத்தம் போகவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?

தயவுசெய்து இறுக்காதீர்கள். இடைவெளி போதாத வால்வு சத்தமே போடாது, ஆனால் முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் (வால்வு மூடும்போது படியும் வளையத்தில்) உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. உட்காரவே முடியாவிட்டால் விளிம்பு எரிந்துபோகும். தட்டுகிற வால்வைவிட இந்த அமைதியான வால்வுக்குத்தான் நான் பயப்படுவேன்.

உங்களுடையது திருகு வைத்த ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) உள்ள எஞ்சின் என்றால், முதலில் ராக்கரைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். என் காரில் மூன்று முறை டாப்பட் பார்த்தும் ஒரே ஒரு வால்வு தட்டிக்கொண்டே இருந்தது. கழற்றினால், வால்வு தண்டு தொடும் இடத்தில் சின்னப் பள்ளம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு பள்ளத்துக்குள் இறங்காது, இரண்டு கரையிலும் தங்கி நிற்கும். 0.20 மி.மீ. தகடு கச்சிதமாகப் போனாலும், உள்ளே இருக்கும் இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை முறை அளந்தாலும் அந்தத் தவறு கண்ணில் படாது.

ராக்கர் நன்றாக இருந்தால் அடுத்து கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளை இயக்கும் முட்டை வடிவ கேம்கள் உள்ள தண்டு. கேமின் மூக்கு தேய்ந்திருந்தாலும் டாப்பட் இடைவெளி பெரிதாக மாறாது, ஏனென்றால் நாம் அளப்பது கேமின் வட்டமான முதுகில். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டோடும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் சந்தேகம் அங்கேதான்.

புஷ்ராட் எஞ்சினில் (கேம் நீண்ட கம்பிகள் வழியாக ராக்கரைத் தள்ளும் வகை) கேம் மாற்றினால், கேமின் மேல் உட்காரும் தட்டை அடி லிஃப்டர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரில் தட்டை என்றாலும், அவற்றின் அடி லேசாகக் குவிந்திருக்க வேண்டும். இரண்டை அடியோடு அடி வைத்தால் கொஞ்சம் ஆடும். ஆடாமல் படிந்து உட்கார்ந்தால் தேய்ந்துவிட்டது. பழைய லிஃப்டர் புதுக் கேமையும் சீக்கிரமே தின்றுவிடும்.

(எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே மாதிரிதான் சத்தம் வரும். கழற்றும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

அப்புறம், ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள். என் காரில் ராக்கர் ஷாஃப்டின் ஆயில் துளையில் கசடு அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, புது ராக்கர் போட்டு, வால்வு கவரை மூடும் முன் எல்லா ராக்கருக்கும் ஆயில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சத்தம் நின்றது.