ஒரு பாணியில் பெயர் வாங்கிய பாடகர் வேறு பாணிக்குப் போனால் தாக்குப்பிடிக்க முடியுமா?

விற்பனையை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால் பதில் சுலபம். டெய்லர் ஸ்விஃப்ட் நாஷ்வில்லில் கன்ட்ரி பாடகியாகத் தொடங்கி, 2014-இல் '1989' ஆல்பத்தோடு முழுசாக பாப்புக்குப் போய், முன்னைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். அதைப் பற்றி எழுத இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஜோனி மிட்செல் பற்றிச் சொல்கிறேன். ஃபோக்கிலிருந்து (கிட்டாரோடு எளிமையாகப் பாடும் நாட்டார் பாணி) ஜாஸுக்குப் போய் பாதிக் கூட்டத்தை இழந்தவர் என்றுதான் பொதுவாக அவரைச் சொல்வார்கள். கூட்டத்தை இழந்தது சரி, ஆனால் பாணி மாறினார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

1943-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிறந்து சாஸ்கட்டூனில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமாகிவிட்டது. கிட்டாரில் கம்பிகளை அழுத்தி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) பிடிப்பதே இடது கைதான். (எஃப் கார்டு பிடிக்க வராமல் கிட்டாரை மூலையில் சாத்தியவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும்.) கை ஒத்துழைக்காததால் அவர் முறுக்காணிகளைத் திருகி, கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். வழக்கமாக ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ என்று இருக்கும் ஆறு கம்பிகளை டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி என்று வைத்துவிட்டால், எதையும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே முழு டி மேஜர் கார்டு வந்துவிடும். ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து நகர்த்தினால் மற்ற மேஜர் கார்டுகளும் கிடைக்கும். ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையை வாசித்தவர்கள் அவருக்கு வெகுகாலம் முன்பே செய்ததுதான் இது. ஆனால் அவர் அதோடு நிற்காமல் திருகிக்கொண்டே போனார், ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகள் சேர்ந்துவிட்டன, அவற்றில் விழுந்த கார்டுகளில் பல அன்றைய ஃபோக் கிட்டாரில் யாரும் வாசிக்காதவை, மேஜரா மைனரா (கார்டுகளின் இரண்டு அடிப்படை வகைகள்) என்று சொல்ல முடியாமல் பாதியில் தொங்குபவை.

ஆக 1969-இல் வந்த 'க்ளவுட்ஸ்' ஆல்பத்துக்கு ஃபோக் பிரிவில் கிராமி வாங்கியபோதும், 1971-இல் 'ப்ளூ' வந்தபோதும், நீளமுடியும் தனிக் கிட்டாருமாக வெளியில் தெரிந்தது ஒரு ஃபோக் பாடகிதான். உள்ளே இருந்த கார்டுகள் வேறு ஏதோ ஊரிலிருந்து வந்திருந்தன.

சிக்கல் அவர் ஒரு பேண்ட் வைக்கப் போனபோது வந்தது. ராக் வாசிக்கும் கலைஞர்களுக்கு இந்தப் பாடல்கள் பிடிபடவில்லை. தாளம் நடுவில் அசைகிறது, கார்டு எங்கே போகிறது என்று தெரியவில்லை. கடைசியில் டிரம்மர் ஒருவரே, நீங்கள் ஒரு ஜாஸ் டிரம்மரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ் குழு வந்தது, 1974-இல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' வந்தது, பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ஜாஸ் பண்ணப்போகிறேன் என்று முடிவெடுத்து அவர் எங்கும் போகவில்லை, தன் பாட்டை வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் போனார், அவர்கள் ஜாஸ்காரர்களாக இருந்தார்கள்.

அடுத்த வருடமே 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்'. ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு டிரம்ஸ் ஒலிப்பதிவின் மேல் மூக் சிந்தசைசர் போட்டு ஒரு பாட்டு! விமர்சகர்கள் கிழித்தார்கள். பின்னாளில் பாப் பாடகர் பிரின்ஸ் கொண்டாடிய ஆல்பம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது 1976-இல் வந்த 'ஹெஜிரா'. மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்த பயணத்தில் எழுதிய பாடல்கள் நிறைய. பேஸ் கிட்டார் எப்போதும் கார்டின் மூல சுரத்தைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸோடு கீழேயே கிடக்க வேண்டுமா என்று அவர் பேஸ் வாசிப்பவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். புளோரிடாவில் வினோதமாக வாசிக்கிற ஒருத்தன் இருக்கிறான், உங்களுக்குச் சரிப்பட்டு வருவான் என்று ஒருவர் சொல்லித்தான் ஜாக்கோ பஸ்டோரியஸ் வந்தார். ஒன்பது பாட்டில் நாலில்தான் அவர் வாசித்திருக்கிறார். ஃப்ரெட் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கட்டை) இல்லாத பேஸ் என்பதால் சுரங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டே போகலாம், அந்த நாலிலும் அது ஜோனியின் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் மாதிரி மேலே ஏறிப் பாடிவிட்டு இறங்குகிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அப்புறம் சார்ல்ஸ் மிங்கஸ். ஜாஸின் பெரிய தலை, நரம்பு நோய் முற்றிச் சக்கர நாற்காலியில் இருந்தார். ஜோனியின் 1977 ஆல்பத்தில் பதினாறு நிமிடம் ஓடும் ஒரு பாட்டைக் கேட்டு, இது சுருதி சேரவில்லை, சேரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர் சொன்னது சரி, ஒலிப்பதிவுகளுக்கு இடையில் பியானோவுக்குச் சுருதி திருத்தியிருந்தார்கள். அப்படியும் தன் மெட்டுகளுக்குச் சொல் எழுத ஜோனியைக் கூப்பிட்டார். 1979 ஜனவரியில் மிங்கஸ் இறந்துவிட்டார், அந்த வருடமே பின்னால் 'மிங்கஸ்' ஆல்பம் வந்தது. ஹெர்பி ஹான்காக், வெய்ன் ஷார்ட்டர் மாதிரி ஜாஸ் பெரியவர்கள் எல்லாம் வாசித்திருக்கிறார்கள். ஆனால் விற்பனை அடிவாங்கியது. ஃபோக் ரசிகர்களுக்கு இது புரியவில்லை, ஜாஸ் ஆட்களில் பலர் இவரை உள்ளே விடவில்லை.

உண்மையான தாவல் என்றால் எனக்கு 1985-இல் வந்த 'டாக் ஈட் டாக்'தான். சிந்தசைசர் பாப் கலைஞரான தாமஸ் டால்பியை வைத்து, அன்றைய நாகரிகப்படி சிந்தசைசர், டிரம் மெஷின் எல்லாம் போட்டுச் செய்தது. அந்தக் கிட்டார் பின்னால் போய்விட்டது, கூடவே அவரும் போய்விட்டார். இன்று கேட்டால் அந்தக் காலத்து வேறு யாருடைய ஆல்பமாகவும் இருக்கலாம்.

எண்பதுகளில் ஜோனியின் இசை நிறுவனமான கெஃபனிலேயே இருந்த ராக் பாடகர் நீல் யங் கதை இன்னும் வேடிக்கை. அவரும் கனடாக்காரர், அவருக்கும் சிறு வயதில் போலியோ. எந்திரக் குரலில் ஓர் ஆல்பம், அடுத்து ஐம்பதுகளின் ராக்கபில்லியில் (ராக்கும் கன்ட்ரியும் கலந்த பாணி) ஓர் ஆல்பம் என்று கொடுக்க, 1983-இல் நிறுவனம் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்கே போட்டுவிட்டது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நீல் யங் மாதிரி இல்லாத இசையைத் தருகிறார் என்பது!

ஜோனிக்கு 2015-இல் மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம் (ரத்தக்குழாய் வீக்கம்). அதற்குப் பிறகு கிட்டாரை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இணையத்தில் இருக்கும் தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்து, விரலை எங்கே வைக்கிறேன் என்று தெரிந்துகொண்டாராம். 2022-இல் நியூபோர்ட் ஃபோக் விழா மேடையில் எழுந்து நின்று கிட்டார் வாசித்தார். அந்த நிகழ்ச்சியின் பதிவுக்கு 2024-இல் மறுபடியும் ஃபோக் பிரிவில் கிராமி.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 'ப்ளூ', 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்', 'ஹெஜிரா' என்ற வரிசையில் போங்கள். 'மிங்கஸ்' கடைசியில் இருக்கட்டும், முதலில் அதைப் போட்டால் இவரையே வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள்.