வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு: அடிக்கடி வரும் கோளாறுகள் (கேள்வி பதில்)

வீட்டிலேயே கதை படித்தும் பாடியும் பதிவு செய்கிற நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். என்ன கோளாறாக இருந்தாலும் உடனே எஃபெக்ட் மெனுவைத் திறக்காதீர்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பதிவை அப்படியே ஒருமுறை கேளுங்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசிக் கோளாறு மென்பொருளுக்கு வெளியேதான் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். லேப்டாப்பில் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் பெட்டி) வழியாக மைக் இணைத்திருக்கிறேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது.

பதில்: தம்பி, முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலேயே பத்து நொடி பதிந்து பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் மைக்கில் குற்றமில்லை. சார்ஜர் வழியாக வருகிற தொல்லை அது, பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகளுக்கு இடையே சுற்றி வருகிற மின்னோட்டம். உறுதி செய்ய வேண்டுமா? யாரும் பேசாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் அனலைஸ் மெனுவில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் பிளாட் ஸ்பெக்ட்ரத்தைத் திறங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக முனைகள் எழுந்து நின்றால் அது மின்சாரத்தின் ஓசைதான். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 60, 120, 180 என்று தெரியும்.

லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். மைக் ஒயரையும் பவர் ஒயரையும் சேர்த்துக் கட்டி வைக்காதீர்கள். சார்ஜரின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். ஷாக் அடிக்காமல் காப்பது அந்தப் பின்.

நாய்ஸ் ரிடக்‌ஷனில் குறைக்கும் அளவு 12 டெசிபெல் போல இருந்தால், அதை 6 ஆக இறக்குங்கள். இரைச்சல் மாதிரிக்காகத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மூச்சுச் சத்தம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் குரலையும் இரைச்சல் என்று எண்ணி அரித்துவிடும். மெல்லிய இரைச்சல் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். கேட்கிறவருக்கு அரை நிமிடத்தில் பழகிவிடும். தண்ணீர்க் குரல் கடைசி வரை உறுத்தும்.

கேள்வி: சார், டிராக்கைக் கேட்டுக்கொண்டே பாடும்போது ஹெட்ஃபோனில் என் குரல் பிந்தி வருகிறது. தாளம் தடுமாறுகிறது.

பதில்: கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்காது, ஒரு பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிறையும் வரை காத்திருந்து மொத்தமாக வாங்கும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் துளி அளவீடு) எடுக்கும்போது, 1024 சாம்பிள் பஃபர் நிறைய 21 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை என்றால் 40-ஐத் தாண்டிவிடும். அதுதான் உங்கள் தாளத்தைக் கெடுக்கிறது. 128 வைத்தால் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிநொடிகூட ஆகாது. பாடும்போது 128, பாடி முடித்து மிக்ஸ் செய்யும்போது மறுபடி 1024. குறைத்ததும் 'பட் பட்' என்று வெடித்தால் கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள், 256-க்கு ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் செய்தவர்களே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைப் போடுங்கள், அதை ஏற்கும் மென்பொருளாகவும் இருக்க வேண்டும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். குரல் கணினிக்குப் போகாமல் நேரே உங்கள் காதுக்கு வந்துவிடும்.

கேள்வி: சத்தமாகப் பேசிய இடங்களில் குரல் கரகரவென்று உடைகிறது. ஒலியளவைக் குறைத்தாலும் போகவில்லை.

பதில்: அந்த இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி மலை போலக் கூராக இல்லாமல், கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். 0 டெசிபெலுக்கு மேல் டிஜிட்டலில் இடம் கிடையாது, அதற்கு மேலே போனதெல்லாம் பதிவாகவே இல்லை. ஒலியளவைக் குறைத்தால் தட்டை உச்சி தாழ்ந்து வருமே தவிர, போனது திரும்பாது. கிளிப் ஃபிக்ஸ் போன்ற எஃபெக்ட் இரண்டு மூன்று சொற்களைத் தேற்றித் தரலாம், அவ்வளவுதான்.

அடுத்த முறை 24 பிட்டில், உச்சம் −12 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்கும்படி கெயினை (மைக்கின் ஒலியை ஏற்றும் அளவை) வையுங்கள். சோதிக்கும்போது சாதாரணமாகப் பேசாதீர்கள். பதிவில் எவ்வளவு உரக்கப் பேசுவீர்களோ அவ்வளவு உரக்க, வாய்விட்டுச் சிரித்தும் பாருங்கள். என் பாட்டி சொன்ன கதைகளை ஒரு மதியம் பதிந்தேன். கதை தெளிவாக இருக்கிறது. அவர் சிரித்த இடம் எல்லாமே உடைந்து கிடக்கிறது. அதை மறுபடி பதிய இன்று அவர் இல்லை.

கேள்வி: இடது காதில் மட்டும்தான் கேட்கிறது.

பதில்: ஒரே மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் பதிந்திருக்கிறீர்கள். மோனோ என்று மாற்றிப் பதியுங்கள். பதிந்து முடித்ததற்கு, ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, வெறுமையான பக்கத்தை நீக்கிவிட்டால் சரி.

கேள்வி: அக்கா சொன்னாள் என்று சுவரில் முட்டை அட்டைகள் ஒட்டினேன். இன்னும் குகைக்குள் பேசுவது போலவே இருக்கிறது. 'ப' வரும் இடங்களில் 'டொம்' என்று ஒரு சத்தம் வேறு.

பதில்: முட்டை அட்டை மிக மெல்லியது, எதிரொலியை உறிஞ்ச அதற்குக் கனம் போதாது. கனமான போர்வை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி இவையெல்லாம் வேலை செய்யும். அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுவதைவிட, அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது நல்லது. மைக் பார்ப்பது உங்கள் முகத்தை; அதனால் பின்சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலிதான் அதில் நேரே விழுகிறது. மைக்கையும் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும்; அறையின் எதிரொலி அப்படியே இருக்கும்.

அப்புறம் 'ப'. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து 'பாப்பா' என்று சொல்லுங்கள், இரண்டு முறை காற்று அடிக்கும். 'அன்பு' என்று சொன்னால் அவ்வளவு அடிக்காது. சொல் முதலிலும் இரட்டித்தும் வரும் 'ப'தான் மைக்கை உதைக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் காற்று விலகிப் போகும். ஏற்கெனவே பதிந்ததில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள்.

கேள்வி: ஃபோனில் வீடியோ, கணினியில் ஆடியோ. தொடக்கத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகின்றன, முடிவில் விலகிவிடுகின்றன.

பதில்: எவ்வளவு விலகுகிறது என்பதில்தான் விடை. ஒரு மணி நேரப் பதிவு 55 நிமிடமாகச் சுருங்கி, குரலும் கீச்சென்று இருந்தால், 44,100-இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி மென்பொருள் ஓட்டுகிறது. அந்த எண்ணைச் சரிசெய்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு அரை நொடி போலத்தான் விலகுகிறது என்றால், இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துளி வித்தியாசத்தில் ஓடுகின்றன. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேமரா முன் கைதட்டுங்கள். முதல் தட்டைப் பொருத்திவிட்டு, கடைசித் தட்டு பொருந்தும் வரை ஆடியோவை இழுத்து நீட்டுங்கள், அல்லது சுருக்குங்கள்.

கேள்வி: வெட்டி ஒட்டிய இடங்களில் எல்லாம் 'டிக்' என்று கேட்கிறது.

பதில்: அலை பாதி உயரத்தில் இருக்கும்போது வெட்டியிருக்கிறீர்கள். ஆடாசிட்டியில் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் இஸட் விசையை அழுத்துங்கள், தேர்வின் இரு ஓரங்களும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகரும். அதற்கும் போகாவிட்டால் 5 அல்லது 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட், அதாவது ஒரு துண்டு தேயத் தேய அடுத்தது ஏறும்படி கலப்பது. வெட்டிய இடைவெளியில் முழு மௌனத்தை நிரப்பாதீர்கள். அறை திடீரென்று செத்துப்போனது போல இருக்கும். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்து, அறையின் ஓசையை மட்டும் பதிந்துவைத்தால் இடைவெளிக்கு அதையே எடுத்து ஒட்டலாம்.