வாசகர் கேள்வி – பதில்: 45 பருவங்கள், ஒரே அணி, ஒரே பயிற்சியாளர்

வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியை 1979 முதல் 2023 பருவம் வரை நடத்திய ஆன்சன் டோரன்ஸ் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: டோரன்ஸ் வென்ற தேசியப் பட்டங்கள் 21 என்று ஓரிடத்திலும் 22 என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண்கள் போட்டிகளை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 1980-களின் தொடக்கம் வரை பெண்கள் விளையாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை, அதற்கென ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கம் 1981-இல் நடத்திய தேசியக் கால்பந்துப் போட்டியில், வட கரோலினா தன் சொந்த ஊரான சாப்பல் ஹில்லில் இறுதியாட்டத்தை 1–0 என்று வென்றது. மறு ஆண்டே பெண்கள் கால்பந்து என்.சி.ஏ.ஏ.விடம் வந்துவிட்டது. 1982-இல் தொடங்கி 2012 வரை அங்கே வென்றவை 21. அதற்கு முந்தைய ஒன்றையும் சேர்த்தால் 22. சேர்த்து எண்ணுவதே நியாயம் என்பது என் கருத்து. பெண்களுக்குத் தேசியப் போட்டி ஒன்று வேண்டும் என்று அந்தச் சங்கத்தை வற்புறுத்தியவர்களில் டோரன்ஸும் ஒருவர்.

கேள்வி: அவர் மும்பையில் பிறந்தவராமே?

பதில்: ஆம், 1951 ஏப்ரல் 9 அன்று, அந்நாளைய பம்பாயில். தந்தை எண்ணெய் நிறுவன அதிகாரி என்பதால் எத்தியோப்பியா, சுவிட்சர்லாந்து எனப் பல நாடுகளில் வளர்ந்தார். கால்பந்தை அவர் கற்றது அந்த அலைச்சலில்தானே தவிர, இந்தியாவுக்கும் அவருடைய ஆட்டத்துக்கும் வேறு தொடர்பு எதுவும் இல்லை. நாம் உரிமை கொண்டாட இதில் இடமில்லை.

கேள்வி: ஆண்கள் அணிக்கும் அவரே பயிற்சியாளராக இருந்தார் என்கிறார்கள். பெண்கள் அணி அவரிடம் எப்படி வந்தது?

பதில்: வட கரோலினாவில் படித்து, அதன் ஆண்கள் அணியில் ஆடியவர் டோரன்ஸ். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1977-இல், ஆண்கள் அணியின் பயிற்சியாளர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அப்போது மாணவிகள் தாங்களாகவே ஒரு கால்பந்துக் குழுவை நடத்திவந்தனர். அதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக ஏற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். விளையாட்டுத் துறை இயக்குநர் பில் கோபி, அவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு டோரன்ஸை அனுப்பினார். பார்க்கப் போனவரிடமே அணியும் ஒப்படைக்கப்பட்டது. சட்டப் படிப்பு பாதியில் நின்றது.

1988 வரை இரண்டு அணிகளையும் அவர் ஒருசேர நடத்தினார். அதில் கடைசிச் சில ஆண்டுகள் அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணியும் அவர் கையில் இருந்தது என்பதை நினைத்தால், அன்றைக்குப் பெண்கள் கால்பந்துக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் பணமும் எவ்வளவு சொற்பம் என்பது புரியும். ஆண்கள் அணியுடன் அவர் வென்ற ஆட்டங்கள் 172, பெண்கள் அணியுடன் 934.

கேள்வி: எதிர்த்து ஆட ஆளில்லாத காலத்தில் பட்டங்களைக் குவித்தவரை இவ்வளவு பெரிதாகப் பேசலாமா?

பதில்: கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. 1982-இல் நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. போட்டியில் பங்கேற்றவை 12 அணிகள். 2001-இல் அது 64 ஆனது. 1982 முதல் 2000 வரையிலான 19 பருவங்களில் 16 பட்டங்களை வட கரோலினா வென்றது. 1986 முதல் 1994 வரை இடைவெளியே இல்லாமல் ஒன்பது. அடுத்த 23 பருவங்களில் அதே பயிற்சியாளருக்குக் கிடைத்தவை ஐந்து மட்டுமே. முறை மாறவில்லை, ஆள் மாறவில்லை, களம்தான் மாறியது.

மாறியதற்குக் காரணம் ஒரு சட்டம். அரசின் நிதியைப் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்னும் ஒன்பதாம் பிரிவு 1972-இல் வந்தது. பெரிய பல்கலைக்கழகங்களில் 'அமெரிக்கக் கால்பந்து' (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம்) அணி ஒன்று மட்டுமே நெடுங்காலம் 85 ஆண்களுக்கு உதவித்தொகை தந்துவந்தது. அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடங்களைக் காட்டியாக வேண்டும். அதிகம் பேரைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய, அதே நேரத்தில் பெருஞ்செலவு கேட்காத ஆட்டம் எது என்று நிர்வாகங்கள் தேடியபோது, பெண்கள் கால்பந்து கண்ணில் பட்டது. பிரபலத்தால் பெருகிய அணிகளைவிட இந்தக் கணக்கால் பெருகிய அணிகளே மிகுதி.

ஆனால் அந்தத் தொடக்க காலத்தில்கூட மற்றவர்களுக்கும் அதே வாய்ப்பு இருந்தது. வட கரோலினா 1986 முதல் 1990 வரை 103 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் இருந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகம்தான் அந்தத் தொடரை முறித்தது. எதிரணிகள் பலவீனமாக இருக்கும்போது முதலில் சோம்பிப் போவது வெல்லும் அணிதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாணவிகள் முழுதாக மாறிவிடும் ஒரு கல்லூரி அணியில் அந்தச் சோம்பல் தலைகாட்டவே இல்லை என்பதை நான் பட்டங்களின் எண்ணிக்கையைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் அவருடைய பயிற்சி முறையில் என்னதான் இருந்தது?

பதில்: அளவெடுப்பு. ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவரையும். பயிற்சிக் களத்தின் ஓரத்தில் உதவியாளர்கள் தாளும் பேனாவுமாக நிற்பார்கள். ஒருத்திக்கு எதிராக ஒருத்தி பந்தைக் கடத்தும் பயிற்சியில் வென்றது யார், தலையால் பந்தை எடுப்பதில் முந்தியது யார், சிறு குழுக்களாகப் பிரிந்து ஆடும்போது எந்தக் குழு வென்றது, அதில் யார் யார் இருந்தார்கள் என எல்லாமே குறிக்கப்படும். பின்னர் அவை தரவரிசைப் பட்டியலாகி, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். முதலிடத்தில் இருப்பவளின் பெயரைப் போலவே கடைசியில் இருப்பவளின் பெயரும் அங்கே இருக்கும். 'போட்டிக் கொப்பரை' என்று அழைக்கப்பட்ட இந்த முறையின் வித்து, அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடமிருந்து வந்தது. அவர் தம் அணியின் பயிற்சியைக் குறித்துவைப்பதைப் பார்த்து, டோரன்ஸ் அதைக் கால்பந்துக்கு விரித்தார்.

தோழியைத் தோற்கடிக்கத் தயங்கும்படி பெண்கள் வளர்க்கப்படுகிறார்கள், அந்தத் தயக்கத்தை உடைப்பதே தம் வேலை என்பது அவருடைய வாதம். பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும்போது, முட்டி மோதி வெல்வது தனிப்பட்ட பகையாகத் தோன்றாது. அன்றைய பயிற்சியின் ஒரு பகுதியாகிவிடும். பெண்கள் அனைவரையும் ஒரே குணத்தில் அடக்கும் அவருடைய பேச்சு எனக்கு உவப்பானதன்று. இருந்தாலும் அந்தக் களத்திலிருந்து வந்த மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி, டோபின் ஹீத், கிறிஸ்டல் டன் ஆகியோரின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், பந்துக்காக மோதுவதில் அவர்களுக்கு இருந்த துணிச்சலை மறுக்க முடியாது. இங்கிலாந்தின் லூசி பிரான்ஸும் அலெஸ்ஸியா ருஸ்ஸோவும்கூட அங்கே ஆடியவர்களே.

ஆட்ட அமைப்பு எளிமையானது. மற்ற அணிகள் தடுப்பில் நான்கு பேரை நிறுத்தும் இடத்தில் அவர் மூவரை நிறுத்தி, மிஞ்சியவரை முன்னே அனுப்பினார். பந்தை இழந்த நொடியிலேயே எதிரணியின் பாதியில் நெருக்கித் திரும்பப் பறிக்கச் சொன்னார். இப்படி ஓயாமல் ஓட யாராலும் முடியாது என்பதால் முன்வரிசையையே மொத்தமாக மாற்றி மாற்றி இறக்கினார். வெளியே வந்தவரை மீண்டும் களமிறக்கக் கல்லூரி விதிகள் இடம் தருகின்றன. சர்வதேச விதிகளில் அது இல்லை. இது கால்பந்தின் இயல்புக்கு ஒவ்வாதது என்று குறைசொன்னவர்கள் உண்டு. விதி அனுமதித்ததைப் பயன்படுத்தியதில் குற்றம் காண முடியாது. ஆனால் அவருடைய கல்லூரிச் சாதனையைத் தொழில்முறைப் பயிற்சியாளர்களின் சாதனையோடு எடைபோடும்போது இந்தச் சலுகையை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: அந்தச் சலுகை இல்லாத இடத்தில் அவர் வென்றாரா?

பதில்: வென்றார். 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பை அவருடைய அணிக்கே கிடைத்தது. ஆட்ட நேரம் 80 நிமிடம் மட்டுமே. 90 நிமிடம் ஆடும் வலு பெண்களுக்கு இருக்குமா என்ற ஐயம் அன்றைய நிர்வாகிகளுக்கு! நவம்பர் 30 அன்று குவாங்சௌ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் நார்வேக்கு எதிராக 1–1 என்ற நிலையில், 78-ஆவது நிமிடத்தில், நார்வேயின் தடுப்பாட்டக்காரர் தம் கோல்கீப்பருக்குத் திருப்பிய பந்து வலுவின்றி உருள, மிஷெல் ஏக்கர்ஸ் இடையில் புகுந்து, கோல்கீப்பரைச் சுற்றிச் சென்று வலைக்குள் தள்ளினார். பின்வரிசையை நெருக்கிக்கொண்டே இருந்தால் தவறு தானாக வரும் என்ற டோரன்ஸின் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. 1994-இல் தேசிய அணியிலிருந்து விலகி, கல்லூரி அணியோடு நின்றுகொண்டார்.

கேள்வி: அவர் மீது வழக்கு இருந்ததே, அதைச் சொல்லாமல் புகழ்வது சரியா?

பதில்: சரியன்று. 1998-இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் அவர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தனர். வீராங்கனைகளின் பாலுறவு வாழ்க்கை குறித்து அவர் கேட்டதும் பேசியதும் தொல்லைதரும் சூழலை உண்டாக்கின என்பது புகார். தொல்லை கொடுத்ததாகக் கூறப்பட்டதை டோரன்ஸ் மறுத்தார்; அத்தகைய கேலிப் பேச்சுகளில் கலந்துகொண்டதை ஒப்புக்கொண்டார். ஒருவரின் வழக்கு 2004-இல் 70,000 டாலருக்கும் மன்னிப்புக்கும் ஈடாகச் சமரசமாக முடிந்தது. மற்றவரின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் 2007-இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது நடுவர் குழு (ஜூரி) விசாரிக்க வேண்டிய வழக்கு என்று சொல்லி அதற்கு உயிர் கொடுத்தது. 2008-இல் 385,000 டாலருக்கும், தன் பாலியல் தொல்லை தடுப்பு நடைமுறைகளை ஆய்வுக்கு உட்படுத்துவதாகப் பல்கலைக்கழகம் தந்த உறுதிக்கும் அந்த வழக்கும் முடிந்தது. விசாரணை நடந்து தீர்ப்பு வரவில்லை என்பதால், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்றோ பொய்யானது என்றோ சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். வீராங்கனைகளின் வாழ்க்கைக்குள் நெருங்கிச் சென்று அவர்களின் நம்பிக்கையைப் பெறுவதைத் தம் முறையின் வலிமையாக அவர் கருதினார். யார் ஆட வேண்டும், யாருக்கு உதவித்தொகை என்பதையெல்லாம் முடிவுசெய்யும் ஒருவர், பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது, 'இதைப் பேச எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லும் சுதந்திரம் அவளுக்கு உண்மையில் எவ்வளவு? ஒப்புக்கொள்ளப்பட்ட அளவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அந்த எல்லையை அவர் காக்கவில்லை. 2019 முதல் அந்த அணி ஆடும் மைதானத்துக்கு டோரன்ஸின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதுவோர் வழக்கையும் ஒரு வரி எழுதியாக வேண்டும்.

கேள்வி: 2012-க்குப் பிறகு பட்டமே இல்லாமல், திடீரென்று விலகியது ஏன்?

பதில்: பட்டம் இல்லையே தவிர, அணி விழவில்லை. 2018, 2019, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை வந்து தோற்றது. 2022-இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2–0 என்று முன்னிலையில் இருந்து, கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு கோல்களை விட்டு, கூடுதல் நேரத்தில் 3–2 என்று இழந்தது. மறு ஆண்டு காலிறுதியில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திடம் 3–0 என்று முன்னிலை பெற்ற ஆட்டத்தை 4–3 என்று பறிகொடுத்தது. அதுவே அவருடைய கடைசி ஆட்டமாக அமைந்தது. அதன்பின் பல வீராங்கனைகள் வேறு கல்லூரிகளுக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் சென்றுவிட, அணியை ஏறத்தாழ முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, 73-ஆம் வயதில் ஓய்வை அறிவித்தார். முன்னிலையைக் காக்கத் தெரியாத அணியாக அது மாறியதற்கு, எப்போதும் முன்னேறித் தாக்கச் சொன்ன அவருடைய முறையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பொறுப்பை ஏற்றவர் அவருடைய உதவிப் பயிற்சியாளர் டேமன் நஹாஸ். இடைக்காலப் பயிற்சியாளராகத் தொடங்கிய அவர், அந்தப் பருவத்திலேயே இறுதியாட்டத்தில் வேக் ஃபாரஸ்ட் அணியை 1–0 என்று வென்று, அணிக்கு 12 ஆண்டுகளாகக் கிட்டாத பட்டத்தைக் கொண்டுவந்தார்.

கேள்வி: பெண்கள் அணிக்கு 45 பருவங்கள் ஓர் ஆணே பயிற்சியாளர். அவரிடம் ஆடிய பெண்களில் யாரும் பயிற்சியாளர் ஆகவில்லையா?

பதில்: ஆனார்கள். 1991-இல் கோப்பையை வாங்கிய அணித்தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் அவருடைய மாணவி. பின்னாளில் தேசிய அணிக்கே பயிற்சியாளராகி, 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். சிண்டி பார்லோ கோன், டோரன்ஸிடம் ஆடி, பின்னர் அவருக்கே உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றி, 2013-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் முதல் பருவத்தில் போர்ட்லண்ட் அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்தார். 2020-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். ஆனால் சாப்பல் ஹில்லில் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை. டோரன்ஸ் விலகியபோதும் அது ஓர் ஆணிடமே சென்றது. உங்கள் கேள்வியை அந்தப் பல்கலைக்கழக நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.