பாப் பங்க் (வேகமான கிட்டார் ராக் இசை) பாட்டை ‘மொக்கை’ என்கிறார் உங்கள் மாமா. சலிப்பைச் சொல்லும் இந்தச் சொல்லெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் நாக்கிலிருந்தும் கத்தியிலிருந்தும்தான்.

‘உப்புச்சப்பில்லாத’ பேச்சு என்றால் ருசியில்லாத குழம்பு மாதிரி. வேடிக்கை என்னவென்றால், இங்கே சப்பு இருந்தால்தான் ருசி. ‘சப்பென்று இருக்கு’ என்றாலோ ருசியே இல்லை! நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஆயர் தாவார் என்ற ஊரில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பக்கம். மலாயில் ‘தாவார்’ என்றால் உப்புறைப்பு இல்லாதது. ‘ஆயர் தாவார்’ நன்னீர். ஊர்ப்பெயரிலேயே சப்பு இல்லை. ஆங்கிலத்து ‘இன்சிபிட்’டும் லத்தீனில் ருசியற்றது என்ற பொருளிலிருந்து வந்ததே.

மொக்கை வேறு வழி. முனை மழுங்கியதுதான் மொக்கை. செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் மொக்கையாகிவிட்டால் ஒரே இழுப்பில் விழ வேண்டிய குலைக்கு நாலு தரம் இழுக்க வேண்டும், தோள் கடுத்துவிடும். மொக்கை ஜோக் கேட்பவர் நிலையும் அதுதானே. ஆங்கில ‘டல்’லுக்கும் மழுங்கல், சலிப்பு இரண்டுமே பொருள்.

சரி, பாப் பங்க். மூன்று நாலு கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு), ஒரே வேகம். மாமா சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் சலிப்புதான் இந்த இசைக்கு அடிக்கடி கருப்பொருளே. கிரீன் டே என்ற அமெரிக்க இசைக்குழு 1994இல் வெளியிட்ட ‘டூக்கி’ ஆல்பத்தில், வீட்டில் சும்மா கிடப்பவன் புலம்பும் பாட்டு ஒன்று உண்டு. பாஸ் கிட்டார் சோம்பலாக உருளும், அப்புறம் கோரஸில் எல்லாம் வெடிக்கும். அதுவரைக்குமாவது மாமாவைப் பொறுக்கச் சொல்லுங்கள்.