கிராமத்துப் பள்ளிக்கு டீச்சர் டிரெய்னிங் போற பிள்ளைங்க கேட்ட கேள்விகள்

செங்கம் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். டி.எல்.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகறதுக்கான டிப்ளமோ) படிக்கிற பிள்ளைங்க வருஷா வருஷம் எங்ககிட்ட டிரெய்னிங் வருவாங்க. அதனால கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அக்கா, ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் ஒரே ரூம்லயாம். காலேஜ்ல ஒரு வகுப்புக்கு ஒரு லெசன் பிளான்னுதான் சொல்லிக்குடுத்தாங்க, எப்படி சமாளிக்கிறது?

வகுப்ப மறந்துடுங்கம்மா. 2022ல பிள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரணும்னு அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததுல இருந்து அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களோட நிலைய வச்சுதான் பிரிக்கிறோம், மூணாவது படிக்கிறவன் அரும்புல இருப்பான், ரெண்டாவது படிக்கிறவ மலர்ல இருப்பா. முதல் ரெண்டு நாள் நடத்தவே வேணாம், யாரு எதுல நிக்கிறாங்கனு பக்கத்துல உக்காந்து பாருங்க. அப்புறம் ஒரு குரூப்புக்கு சொல்லித்தரும்போது மத்த ரெண்டு குரூப்பு கையிலயும் ஏதாவது வேலை இருக்கணும், இல்லாட்டி அஞ்சு நிமிஷத்துல கிளாஸ் சந்தையாயிடும்.

டி.எல்.எம். (பாடம் நடத்த நாம செய்யிற பொருள்) செய்ய எவ்ளோ செலவாகும்? சீனியர்ஸ் ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆச்சுங்கிறாங்க.

காசு செலவு பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. தெர்மாகோல், சார்ட், கிளிட்டர்னு செஞ்சு கொண்டு வர்றாங்க, பிள்ளைங்க தொட்டா பிஞ்சுடும்னு ஆணியில மாட்டிடறாங்க. தொடக்கூடாத பொருள்ல பிள்ளை என்னத்த கத்துக்கும்?

போன வருஷம் வந்த பொண்ணு ஒண்ணு பண்ணிச்சு, இன்னும் கண்ணுல நிக்குது. மூணாவது பையன் ஒருத்தன் 42ல 17 போனா 35னு எழுதியிருந்தான். நான் சிவப்பு பேனாவ எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு "எப்படிடா போட்ட?"னு கேட்டுச்சு. "7ல 2 போனா 5, 4ல 1 போனா 3"ன்னான். பாருங்க, அவனுக்குக் கழிக்கத் தெரியுது, பெருசுல இருந்துதான் சின்னத எடுக்கணும்னு ஒண்ணு மட்டும் மனசுல பதிஞ்சு போயிருக்கு. உடனே வெளக்கமாத்துக் குச்சிய ஒடிச்சு பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டு நாலு கட்டு, உதிரியா ரெண்டு குச்சி அவன் முன்னாடி வச்சு "இதுல எனக்கு 17 குடு"ன்னுச்சு. ஒரு கட்ட எடுத்துக் குடுத்துட்டான். இன்னும் ஏழு வேணும், கீழ ரெண்டுதான் கெடக்கு. அதையே பாத்துக்கிட்டு இருந்தான், அந்தப் பொண்ணு வாயே திறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே இன்னொரு கட்டுல ரப்பர் பேண்ட உருவி எண்ண ஆரம்பிச்சான். மிச்சம் ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி. 25. செலவு ரப்பர் பேண்டு மட்டும்தான்.

வாழைப்பழத்த 'வாயப்பயம்'னு சொல்றாங்க டீச்சர், திருத்தணுமா?

பேசும்போது திருத்தாதீங்க. அது அவங்க அம்மா பேசுற பேச்சு, எல்லார் முன்னாடியும் திருத்தினா மறுநாள்ல இருந்து அந்தப் பிள்ளை வாயத் திறக்காது. வாசிக்கிறப்போ 'ழ'வ காட்டி நீங்க தெளிவா சொல்லுங்க, கேட்டு கேட்டு தானா வரும்.

பொங்கலுக்கு அப்புறம் டிரெய்னிங். நிறைய பேரு வரமாட்டாங்கனு ஹெச்.எம். சொன்னாரு, ஏன்?

செங்கல் சூளை, கரும்பு வெட்டுனு அப்பா அம்மா குடும்பத்தோட கெளம்பிடுவாங்க, பாட்டி இருந்தா பிள்ளைய விட்டுட்டுப் போவாங்க, இல்லாட்டி கூட கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்படி கூட்டிட்டுப் போன பிள்ளை ஒண்ண கேஸ் ஸ்டடியா (ஒரு பிள்ளையப் பத்தி மட்டும் விசாரிச்சு எழுதுற ரெக்கார்டு) எடுங்க. ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டு வீட்டுப் பக்கம் போய் அக்கம்பக்கத்துல, சொந்தக்காரங்ககிட்ட பேசுங்க. ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் போகாதீங்க, எப்ப திரும்பி வரும், அங்க பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கானு கேட்டுட்டு வந்து ஹெச்.எம். கிட்ட சொல்லுங்க, அது உண்மையான உதவி.

சொன்ன பேச்சு கேக்கலைனா லேசா ஒரு அடி குடுக்கலாமா?

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17ல தெளிவா இருக்கு, மனசு நோகப் பேசுறதும் அதுல சேரும். யாராவது கையில குச்சியக் குடுத்தாலும் வாங்காதீங்க.

எத்தன மணிக்கு வரணும்?

காலை உணவு நேரத்துக்கு வந்துடுங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலயும் காலைச் சாப்பாடு இருக்கு. உப்புமாவோ பொங்கலோ தட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போதுதான் பிள்ளைங்க மனசு விட்டுப் பேசும், நேத்து ராத்திரி வீட்டுல என்ன சண்டை, யாருக்கு காய்ச்சல்னு எல்லாம் அங்கயே தெரிஞ்சுடும்.

நாள் முழுக்க எமிஸ்ல (பள்ளி, பிள்ளைங்க விவரமெல்லாம் ஏத்துற அரசு வெப்சைட்) என்ட்ரி போடச் சொல்றாங்க, பாடம் எடுக்கவே நேரமில்ல.

அவங்களுக்கும் ஆள் இல்ல, கொஞ்சம் செஞ்சு குடுங்க. ஆனா தினம் காலையில முதல் பீரியட் எனக்கு வேணும் சார்னு மரியாதையா முதல் நாளே கேட்டுடுங்க.

கடைசி நாள் பிள்ளைங்க அழுவாங்களாமே, சொல்லாமயே கெளம்பிடலாமானு இருக்கு.

அப்படி மட்டும் பண்ணிடாதீங்கம்மா. சொல்லாம போன ஒரு டீச்சர எங்க ஒண்ணாவது பிள்ளை ரெண்டு வாரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, தினம் காலையில கேட் பக்கம் போய் நிக்கும். வந்த முதல் நாளே காலண்டர்ல நீங்க போற தேதிய வட்டம் போட்டுக் காட்டுங்க, இன்னும் எத்தன நாள்னு தினம் அவங்களயே எண்ணச் சொல்லுங்க.