ஃபியூஸ் போர்டை மாற்றினீர்கள், சரி. வாடகையில் ஏன் கழித்தீர்கள்?

கேள்வி: சென்னை கொளத்தூரில் 7 வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை 16,000 ரூபாய். பழைய வீடு, மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ்தான். வாஷிங் மெஷினைத் தொட்ட என் மகனுக்கு ஷாக் அடித்தது. வீட்டு ஓனரிடம் சொன்னால், "நாற்பது வருஷமா இதே போர்டுதானே" என்று போனில் சிரித்தார். நானே ஆள் வைத்து எம்சிபி, ஆர்சிசிபி (சுமை கூடினாலோ மின்சாரம் கசிந்தாலோ தானே அணையும் சர்க்யூட் பிரேக்கர்கள்) போட்டு எர்த் எடுத்தேன். செலவு 28,400 ரூபாய். அதை இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொண்டு மீதி 3,600 மட்டும் அனுப்பினேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்து 18 நாள் ஆகிறது. தெருவில் எல்லார் எதிரிலும் திட்டுகிறார். மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு கேட்கலாமா? காலி செய்யும்போது எம்சிபிகளைக் கழற்றிப் போகலாமா?

பதில்: ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மொட்டைமாடியில் துணி காயப்போட விடாதது, மோட்டார் நேரம், அவர் மருமகள் பேசிய பேச்சு எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: நோட்டீஸ் வந்து 18 நாள். மன உளைச்சலை மறந்துவிடுங்கள், அது இந்த வழக்கில் ஒரு பைசாவுக்குத் தேறாது.

போர்டு யார் பொறுப்பு என்பதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் வருட வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, தேவைப்படும்போது வீட்டு வயரிங்கைச் சரிசெய்வதை உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. ஆனால் அதே அட்டவணை சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச், சாக்கெட் ரிப்பேரை வாடகைதாரருக்குத் தருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார். இல்லாத பிரேக்கரை ரிப்பேர் செய்ய முடியாது, இது மெயின் போர்டும் வயரிங்கும் மாற்றிய வேலை என்று நாம் சொல்வோம். ஓடிக்கொண்டிருந்த ஃபியூஸை எடுத்து நவீனமாக்கியது ரிப்பேரா, உங்கள் சௌகரியமா என்று அவர் கேட்பார். இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது என்கிற அளவில் விட்டுவிடுவோம்.

நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது கழித்த விதத்தில். உரிமையாளர் செய்ய மறுத்தால் வாடகைதாரர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்று 15ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? போனில் சிரித்ததற்குச் சாட்சி இல்லை. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப்பில் "போர்டு மாத்தணும் சார்" என்கிறீர்கள், அவர் "வர்றேன், பாக்குறேன்" என்கிறார். மூன்றாம் நாள் வேலை முடிந்துவிட்டது. எந்த நீதிபதியும் இதை மறுப்பு என்று எடுக்கமாட்டார். செலவுத் தொகை எழுதிய ஒரு பதிவுத் தபால், பதினைந்து நாள் அவகாசம், அரசு உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை, இவ்வளவு இருந்திருந்தால் பேச்சே வேறு. உங்களிடம் இருப்பது தெரு எலக்ட்ரீஷியன் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு. அவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: ஈபி மீட்டர் சீலைத் தொட்டாரா? தொட்டிருந்தால் அது தனித் தலைவலி. இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் ஈபி முதலில் கேட்பது அவரைத்தான். அவர் கை காட்டப்போவது உங்களை.

மறுப்பு நிரூபணமாகவில்லை என்றால், கழித்த 28,400 ரூபாய்க்குச் சட்டத்தில் பெயர் வாடகை பாக்கி. அதுவும் இரண்டு மாத பாக்கி. 21ஆவது பிரிவில் காலி செய்யச் சொல்ல அது போதும். நோட்டீஸ் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். கட்டாமல் "நியாயம் என் பக்கம்" என்று உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரம்பூரில் ஒருவர் தண்ணீர்க் குழாய் மாற்றிய காசைக் கழித்தார். குழாய் ஓனர் பொறுப்புதான் என்று ரென்ட் கோர்ட்டே சொன்னது. ஆனாலும் வீடு போய்விட்டது, முன்கூட்டி எழுத்தில் கேட்கவில்லை, ஒரு மாதக் கெடுவும் தாண்டிவிட்டது. இந்தச் சலுகையும் ஒருமுறை வாங்கிவிட்டு, அதன்பின் எந்த ஒரு வருடத்திலாவது மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் கிடைக்காது.

ஆகவே நாளைக்கே 28,400 ரூபாயை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் தாமத வட்டி இருந்தால் அதையும் சேர்த்து. பண்டிகைக்கு எடுத்துவைத்த பணமாக இருந்தாலும் சரி. "என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் பணத்தைத் திருப்பினால் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே ரென்ட் கோர்ட்டில் கட்டுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், அது பாக்கியைத் தீர்க்காது.

அப்புறம் ரென்ட் அத்தாரிட்டியிடம் (இந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரி) போய்ச் செலவைக் கேட்கலாமா என்றால், அதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 20 ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதம் என்று எழுதி, ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவே செய்யாமல் வருடாவருடம் நீட்டிக்கொண்டிருப்பதுதானே? பதினோரு மாதம் என்று எழுதிவிட்டால் பதிவு வேண்டாம் என்பது பழைய நினைப்பு, இந்தச் சட்டத்தில் செல்லாது. ஒப்பந்தம் சரியில்லை என்பதையே ஓனர் காலி செய்யச் சொல்லும் இன்னொரு காரணமாக எடுத்துக்கொள்வார். காசைக் கேட்கப் போய் வீட்டைக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

என் யோசனை சமரசம். பாக்கியைக் கட்டிய கையோடு அவரிடம் பேசுங்கள். போர்டும் எர்த்தும் இனி அவர் வீட்டுக்குத்தான், பாதிச் செலவு 14,200 ரூபாயை நீங்கள் காலி செய்யும் நாளில் அட்வான்ஸோடு சேர்த்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். பத்தாயிரத்துக்கு இறங்கினாலும் ஒத்துக்கொள்ளுங்கள். அதை எழுதி, புது ஒப்பந்தத்திலேயே சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். நோட்டீஸுக்கு வக்கீல் வைத்துப் பதில் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்தால் ஆகும் செலவு இந்த வித்தியாசத்தைத் தாண்டிவிடும்.

எம்சிபியைக் கழற்றுவது பற்றி: வீட்டில் இருக்கும்வரை நீங்கள் பொருத்தியதை நீங்களே கழற்றலாம்தான், ஆனால் வீட்டை வாங்கியபடி திருப்பித் தர வேண்டும். அதாவது அந்தப் பீங்கான் ஃபியூஸ்களை மறுபடி மாட்ட வேண்டும். அதை எடைக்குப் போட்டுவிட்டதாக ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.