பதினேழாவது ஆள்

அன்புள்ள அண்ணா,

வட அட்லாண்டிக்கில் டென்மார்க் அரசின் கீழ் உள்ள ஃபாரோ தீவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மொத்த ஜனத்தொகையே 54,000 சொச்சம். நம் ஊரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு. அதற்கு ஒரு பாராளுமன்றம், அதில் ஆறு கட்சிகள், எப்போதும் கூட்டணி ஆட்சி. வீண் ஆடம்பரம் இல்லையா? ஒரே கட்சிக்குப் பெரும்பான்மையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? எல்லாம் டென்மார்க் கையில்தானே இருக்கிறது? அவர்கள் என்றாவது தனிநாடு ஆவார்களா?

செந்தில்நாதன்

அன்புள்ள செந்தில்,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 'எல்லாம் டென்மார்க் கையில்' என்பது சோம்பேறித்தனமான வரி. 1948 முதல் அங்கே தன்னாட்சி. மீன்பிடியும் வரியும் அவர்களுடையவை. 1973இல் டென்மார்க் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, மீனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இவர்கள் சேரவில்லை. தனிநாடு பற்றி 1946 செப்டம்பரில் மக்களிடமே கேட்டார்கள். பிரிவதற்கு ஆதரவாக 161 ஓட்டு அதிகம் விழுந்தது. செல்லாத ஓட்டு 481. டென்மார்க் மன்னர் அவையைக் கலைத்தார், மறுதேர்தலில் பிரிவினையை எதிர்த்தவர்கள் வென்றார்கள். எண்பது வருஷமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு இது போதும்.

உங்கள் கடிதத்தில் எரிச்சலூட்டியது 'பெரும்பான்மையைக் கொடுத்துவிட்டு' என்ற சொல். யார் கொடுப்பது? 2022 டிசம்பர் தேர்தலில் முதலிடம் பிடித்த சமூக ஜனநாயகக் கட்சிக்கே 33 இடங்களில் 9தான். காரணம் எளிது. நமக்கு இடது, வலது என்று ஒரு கோடு. அவர்களுக்கு அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடு உண்டு: டென்மார்க்கோடு இருப்பதா, பிரிவதா? ஒன்றியக் கட்சி வலது, இருப்போம் என்கிறது. மக்கள் கட்சி வலது, பிரிவோம் என்கிறது. குடியரசுக் கட்சி இடது, பிரிவோம் என்கிறது. சமூக ஜனநாயகக் கட்சி இடது, பிரிவதில் அவசரம் இல்லை. இரண்டு கோடு வெட்டினால் நாலு கட்டம், நாலு பெரிய கட்சி. மதப்பற்றுள்ளவர்களுக்கு மையக் கட்சி, தாராளவாதிகளுக்கு முற்போக்குக் கட்சி என்று இரண்டு சில்லறை. 54,000 பேருக்கு இரண்டு கருத்து போதும் என்று யார் சொன்னது, செந்தில்? ஒரு வீட்டில் நாலு பேருக்கு நாலு கருத்து இருப்பதில்லையா?

கூட்டணி என்றதும் நமக்குத் தொகுதிப் பங்கீடுதான் நினைவுக்கு வரும். அங்கே அந்தப் பேச்சே இல்லை. 2007 சீர்திருத்தத்துக்கு முன் ஏழு தொகுதிகள் இருந்தன. இப்போது எல்லாத் தீவுகளும் சேர்ந்து ஒரே தொகுதி. கட்சிக்கும் ஓட்டுப் போடலாம், பட்டியலில் ஒரு பெயருக்கும் போடலாம். முப்பத்துமூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 சதவீதம் எட்டாத கட்சிக்கு இடமில்லை. 1906இல் பிறந்த தன்னாட்சிக் கட்சி 2022இல் இந்த வாசலில்தான் விழுந்தது. எண்ணி முடித்த பிறகே யார் யாரோடு என்ற பேச்சு. அவர்கள் மொழியில் கூட்டணிக்கு 'சம்கொங்கா' என்று பெயர், சேர்ந்து நடப்பது என்று பொருள். நடைக்கு முன் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுவார்கள்.

நடை எவ்வளவு தூரம் என்பது வேறு விஷயம். 2008 பிப்ரவரியில் 17 இடத்தோடு அமைந்த ஆட்சி செப்டம்பரில் உடைந்தது. தேர்தல் நடக்கவில்லை. சமூக ஜனநாயகக் கட்சி வேறு இரண்டு கட்சிகளோடு சேர்ந்து புது ஆட்சி அமைத்தது. அதுவரை தலைமை அமைச்சராக இருந்த யோவன்னஸ் ஐடெஸ்கார்ட் அதில் நிதியமைச்சராக உட்கார்ந்தார். நம்மூரில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்.

நீங்கள் கேட்காத, நான் ரொம்ப நாளாக மென்றுகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. லோக்டிங் என்ற அந்த அவையில் 33 பேர், பெரும்பான்மைக்கு 17. ஓர் உறுப்பினர் அமைச்சரானால், அமைச்சராக இருக்கும்வரை அவையில் அவருக்கு இடம் கிடையாது. அவர் கட்சிப் பட்டியலில் அடுத்து நிற்பவர் மாற்று உறுப்பினராக வந்து உட்காருவார். சட்டம் இயற்றுபவரும் நிறைவேற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது நல்ல கொள்கைதான். கணக்கைப் பாருங்கள். 2022 தேர்தலுக்குப் பின் 9, 6, 3 என்று மூன்று கட்சிகள் சேர்ந்து 18 இடத்தில் ஆட்சி அமைத்தன. அமைச்சர்கள் தலைமை அமைச்சரோடு ஒன்பது பேர். மூன்று இடம் வென்ற முற்போக்குக் கட்சிக்கு இரண்டு அமைச்சர்கள். அப்படியானால் அந்தக் கட்சியின் மூன்று நாற்காலியில் இரண்டில் இருந்தது மாற்று ஆட்கள்.

மாற்று ஆளின் நிலைமையை யோசியுங்கள். அமைச்சர் அமைச்சராக இருக்கும்வரைதான் அவருக்கு நாற்காலி. ஆட்சி கவிழ்ந்தால் அமைச்சர் அவைக்குத் திரும்புவார், இவர் வீட்டுக்குப் போவார். அரசைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில், அரசு பிழைத்திருப்பதையே சம்பளமாக வாங்கும் ஒருவர். கேள்வியை எவ்வளவு அழுத்திக் கேட்பார்? நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள அவையில் இப்படிச் சிலர் இருந்தால் தெரியாது. 33இல் ஏழெட்டுப் பேர் இப்படி என்றால் ஆளும் பக்கத்தில் கிட்டத்தட்டப் பாதி. சிறிய அவையின் உண்மையான நோய் இதுதான். அதைப் பார்க்காமல் கட்சிகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

17 என்ற அந்த விளிம்புக் கணக்கு எவ்வளவு மெலிசு என்பதை 2022 நவம்பர் காட்டியது. மக்கள் கட்சி 8, ஒன்றியக் கட்சி 7, மையக் கட்சி 2, ஆக 17. தலைமை அமைச்சர் போர்வுர் அ ஸ்டைக் நீல்சன், மையக் கட்சியைச் சேர்ந்த வெளியுறவு அமைச்சர் யெனிஸ் அவ் ரானாவை நீக்கினார். அந்தக் கட்சி விலகியது. 17 ஒரே நாளில் 15 ஆனது, டிசம்பர் 8இல் தேர்தல்.

ஆனாலும் எண்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2016 ஏப்ரலில் ஒருபால் திருமணச் சட்டம் 19க்கு 14 என்று நிறைவேறியது. அன்றைய ஆளும் கூட்டணிக்கு 17 பேர்தான். குறைந்தது இரண்டு பேர் எதிர்வரிசையிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். கொறடாவின் கைக்கு எட்டாத மனசாட்சி அந்தச் சின்ன அவையில் இருக்கிறது. அதற்காகத்தான் மாற்று உறுப்பினர் ஏற்பாட்டின் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

அடுத்த முறை ஃபாரோ தேர்தல் முடிவு வந்தால், வென்ற பெயர்களோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கட்சிப் பட்டியலிலும் தோற்றவர்களில் முதல் இரண்டு பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆட்சி அமைந்த மறுவாரம் அவையில் அவர்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.